பத்மாவின் சந்தையும் என் வலது கையும்

8 மார்ச் 1938, செவ்வாய். வெள்ளவத்தை.

டொக்டர் எழுதச் சொன்னார். எதை எழுதுவது என்று சொல்லவில்லை. கைக்கும் வேலை, மூளைக்கும் வேலை என்றார், அவ்வளவுதான். ஆகவே எழுதுகிறேன். எழுத்துகள் எல்லாம் கள்ளுக் குடித்தவர்கள் போல ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. இருந்தாலும் நிற்கின்றன.

நடந்தது இதுதான். போன மாதம் ஒரு காலை கோட்டுக்கு வழக்கு மொழிபெயர்க்கப் புறப்பட்டு, சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தேன். வலது கை கட்ட மாட்டேன் என்றது. பத்மாவைக் கூப்பிட்டேன். வாயில் வந்தது அவள் பெயர் இல்லை. "குடை, குடை" என்றேனாம். வெளியே மழையும் இல்லை, எங்கள் வீட்டில் அந்தப் பெயரில் பெண்சாதியும் இல்லை.

மெல்லிய பாரிசவாதம் என்றார் டொக்டர். மெல்லியதாம்! அவருக்கு வந்து பார்த்தால் தெரியும்.

இப்போது கால் நடக்கிறது, சற்று இழுத்து. வாய் வலப்பக்கம் கொஞ்சம் தொங்குகிறது. கை அரை நித்திரை. சொற்களின் சேட்டைதான் பெரிது. புதுக்கடைக் கோட்டில் நீதவானுக்கு முன்னால் நின்று, தமிழில் சொன்னதையும் சிங்களத்தில் சொன்னதையும் மூச்சு விடாமல் இங்கிலீசில் கொட்டிய வாய் இது. இப்போது உப்பைக் கேட்கப் போனால் சீப்பைக் கேட்கிறது. பத்மா சீப்பைக் கொண்டுவந்து சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைக்கிறாள். வேண்டுமென்றே செய்கிறாளோ?

10 மார்ச்

தண்ணீர் கேட்டேன். சிங்களத்தில் வந்தது: "வத்துர."

பத்மா முழித்துக்கொண்டு நின்றாள். கலியாணம் முடித்துக் கொழும்புக்கு வந்த நாள் முதல் அவளுக்குச் சிங்களம் தேவைப்படவில்லை. சந்தை, தபால் கந்தோர், பாங்கு எல்லாம் நான். கோயிலுக்குப் போவாள், அதுவும் என்னோடு. நான் இடக்கையால் குடிக்கிற மாதிரிக் காட்டினேன்.

"ஓ, தண்ணியோ? அதுக்குப் பேர் வத்துரவோ?"

கொண்டுவந்து தந்தாள். பிறகு குசினிக்குள் தனக்குத்தானே "வத்துர, வத்துர" என்று சொல்லிப் பார்ப்பது கேட்டது.

13 மார்ச், ஞாயிறு

பத்மாவின் தம்பி ஸ்ரீஸ்கந்தராசா கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தான். கப்பல் கொம்பனி ஒன்றில் கிளாக்கர். யாருக்கு என்ன வருத்தம் வந்தாலும் அவனிடம் ஒரு யோசனை ஆயத்தமாக இருக்கும்.

வாசலில் நின்றவனைப் பார்த்து, "இரும் தம்பி" என்று சொல்ல வாயெடுத்தேன்.

"போம் தம்பி" என்று வந்தது.

தொப்பியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றான். "அக்கா, அத்தானுக்கு என்னிலை என்ன கோவம்?"

"ஒரு கோவமும் இல்லை. இருக்கச் சொல்லுறார்" என்று பத்மா மொழிபெயர்த்தாள். சொல்லிவிட்டுக் குசினிக்குள் ஓடினாள். சட்டி ஒன்று விழுந்தது. அதற்குப் பின்னால் அவளுடைய சிரிப்பு. அவள் சிரித்துக் கேட்டுக் கன நாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இன்றைக்குத்தான்.

அவன் இருந்தான். இருந்து, மத்தியானம் சாப்பிட்டு, பின்னேரத் தேத்தண்ணியும் குடித்துவிட்டுத்தான் எழும்பினான். போகும்போது சொன்னான்: "அக்கா, அத்தானை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. கொழும்பு சுகமில்லாத ஆக்களுக்குச் சரிவராது."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. வாய் கோணினால் காதும் கேட்காது என்று நினைக்கிறார்கள் போல.

வாசலில் வைத்து என் வாய் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

18 மார்ச்

இடக்கையால் சவரம். மீசையின் ஒரு பக்கம் தியாகம்.

19 மார்ச்

மற்றப் பக்கமும்.

24 மார்ச், வியாழன்

வீட்டில் மரக்கறி முடிந்துவிட்டது. இவ்வளவு நாளும் பக்கத்து வீட்டு நிலாம்தான் புறக்கோட்டையில் தன் இரும்புக்கடையைப் பூட்டிவிட்டு வரும்போது எங்களுக்கும் சேர்த்து வாங்கி வந்தார். அவருக்குக் காய்ச்சல். காலையில் அவருடைய மனுசி ஹமீமா வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள்.

"பத்மாக்கா, நாம ரெண்டு பேரும் சந்தைக்குப் போவோம், வாங்க."

"ஐயோ, நானோ? எனக்கு அங்கை ஒண்டும் கதைக்கத் தெரியாது."

"நான் ஈக்கிறேன் தானே. என்னத்துக்குப் பயம்?"

பத்மா என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். காலி வீதியில் பஸ்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடுகின்றன. எங்களுடைய ஆள் வண்டில் மாட்டுக்கே ஒதுங்கி நிற்பவள். வாயைத் திறந்தேன். "ஓம்" என்று வந்தது. சத்தியமாக நான் சொல்ல நினைத்தது அதில்லை.

அவள் போன பிறகு யன்னலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன். றெயின் ஒன்று போயிற்று. இன்னொன்றும் போயிற்று. எனக்கு மறுபடி பாரிசவாதம் வரும் போல இருந்தது.

வந்தாள். முகமெல்லாம் வேர்வை. பையில் கத்தரிக்காய்; பாதி சொத்தை. ஆனால் அவள் கண்ணைப் பார்க்க வேண்டுமே.

"கீயத எண்டு கேட்டனான்!" என்றாள். "விலை என்ன எண்டு அர்த்தமாம். ஹமீமா சொல்லித் தந்தது. அவன் ஏதோ சொன்னான், எனக்கு விளங்கேல்லை. விளங்காமல் பேசாமல் நிண்டனான். அவன் குறைச்சுச் சொன்னான். அதுவும் விளங்கேல்லை. இன்னும் குறைச்சான்!"

இருபது வருஷமாகச் சந்தையில் தொண்டை கிழியப் பேரம் பேசியவன் நான். விளங்காமல் நிற்கலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லையே.

2 ஏப்ரல், சனி

டொக்டரிடம் போனோம். வயதான பறங்கி மனிதர். இங்கிலீசு பேசுவார், நோயாளியின் வீட்டுப் பெண்களிடம் சிங்களம் பேசுவார். வழமையாக அவர் சொல்வதை நான்தான் பத்மாவுக்குச் சொல்வேன். இன்றைக்கு அவர் அவளைப் பார்த்து, "கொஹொமத?" என்றார். எப்படி இருக்கிறார் என்ற கேள்வி.

நான் வாயெடுக்க முன்னம் பத்மா, "ஹொந்தாய்" என்றாள். நல்லாய் இருக்கிறாராம்! பிறகு என்னைக் காட்டி, "வத்துர கியனவா. மட்ட தேரென்னே நெஹே" என்றாள். தண்ணீர் என்று சொல்லுகிறார், எனக்கு விளங்குதில்லை என்று. அதாவது சிங்களம் தெரியாது என்பதையே சிங்களத்தில் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள். டொக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

கைக்கு மருந்து: மா பிசைய வேண்டுமாம். ரொட்டி மாவோ புட்டு மாவோ, ஒவ்வொரு நாளும்.

நான் கோட்டு உத்தியோகத்தன் என்று ஞாபகப்படுத்தினேன். சொன்னது என்னவாக வந்ததோ, அவர் "சரி சரி, இடியப்ப மாவும் நல்லதுதான்" என்றார்.

6 ஏப்ரல்

பொத்தான். ஒரு சட்டைப் பொத்தான்!

விரல் அதைப் பிடிக்குது, விடுது. பிடிக்குது, விடுது. ஓட்டை அங்கை கிடக்கு, பொத்தான் இஞ்சை கிடக்கு. சின்னப் பிள்ளைகூடப் போடும். பாழாப்போன கை. இது என்ரை கைதானோ? ஆற்றையோ கையைக் கொண்டுவந்து ஒட்டி விட்டிருக்கினமோ?

பத்மா போட்டுவிட வந்தாள். தட்டிவிட்டேன் — அதுக்கு மட்டும் அந்தக் கையிலை பலம் வந்தது. போயிட்டாள். ஏதாவது ஏசியிருக்கலாம்.

கோட்டிலை என்ரை இடத்திலை இப்ப ஆர் நிக்கிறானோ. இனி என்னைக் கூப்பிடுவினமோ? ஒரு சாட்சிக்காரன் "குத்தினான்" எண்டு சொல்ல, நான் "கும்பிட்டான்" எண்டு மொழிபெயர்த்தால்? ஒரு மனுசனைத் தூக்கிலை போட்டுவிடுவன். இல்லாட்டித் தப்ப விட்டுவிடுவன். எது பெரிய பாவம்?

போதும்.

7 ஏப்ரல்

காலையில் கட்டில் தலைமாட்டில் என் சட்டைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. பொத்தான் ஓட்டைகள் எல்லாவற்றையும் வெட்டிப் பெரிதாக்கி, சுற்றி நூல் போட்டுத் தைத்திருந்தாள். வெள்ளைச் சட்டைக்கு வெள்ளை நூல், பார்த்தால் தெரியாது.

போட்டேன். போயிற்று.

"நேத்து..." என்று தொடங்கினேன். "நேத்து நல்ல மீன் கிடைக்கேல்லை" என்றாள் பத்மா. அவ்வளவோடு அந்தக் கதை முடிந்தது.

13 ஏப்ரல், புதன்

வருஷப்பிறப்பு. வெகுதானிய வருஷமாம். எங்கள் வீட்டில் போன வருஷத்து மருந்துப் போத்தலே இன்னும் வெகுவாக இருக்கிறது.

வருஷக் கைவிசேஷக் காசு கொடுக்க வேண்டும். வலக்கையால்தான் கொடுக்க வேண்டும். வெற்றிலையில் சல்லியை வைத்துப் பத்மாவிடம் நீட்டினேன். வெற்றிலை மட்டும் அவள் கைக்குப் போயிற்று, சல்லி அலுமாரிக்குக் கீழே உருண்டு ஓடியது. வருஷத்தின் முதல் நாள் இப்படியா என்று மனம் கருகியது. பத்மா நிலத்தில் படுத்து ஈர்க்கால் அதைத் தட்டி எடுத்தாள். எடுத்துக் கண்ணில் ஒற்றிவிட்டு, "தேடி எடுத்த காசு, செலவழிக்க மாட்டன்" என்றாள்.

பின்னேரம் நிலாமும் ஹமீமாவும் வந்தார்கள். "இப்ப எப்பிடி ஈக்கிற, ஐயா?" என்று கேட்டார் நிலாம். "நல்ல சுகம்" என்று சொன்னேன். முழுதாக, ஒழுங்காக வந்தது! உற்சாகத்தில் "பலகாரம் எடுங்கோ" என்றும் சொல்லப் பார்த்தேன். "பலகை எடுங்கோ" என்று வந்தது. நல்ல மனிதர். எழும்பிச் சுற்றிப் பார்த்தார்.

20 ஏப்ரல்

புட்டு. நானே மா குழைத்தேன். சுடுநீர் கூடிவிட்டது. சுவருக்குப் பூசலாம் போல ஒரு சாமான் வந்தது. பத்மா சாப்பிட்டாள். நானும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

25 ஏப்ரல்

இன்றைக்கு உதிர்ந்தது! தேங்காய்ப்பூவோடு சேர்ந்து, மணி மணியாக. வேலிக்கு மேலால் ஹமீமாவுக்கும் ஒரு கோப்பை போயிற்று. கோப்பை திரும்பி வந்தது, வட்டிலப்பத்தோடு.

இந்த வயதில், இந்த உத்தியோகத்தில், ஒரு புட்டுக்காக இவ்வளவு சந்தோஷப்படலாமா? படலாம்.

1 மே, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

ஸ்ரீஸ்கந்தராசா வந்தான். இந்த முறை யோசனையோடு இல்லை, முடிவோடு. யாழ்ப்பாணத்தில் பெரியவர்களுக்கு எழுதி அறை ஒழுங்கு செய்துவிட்டானாம். அவனுடைய கந்தோரில் ஒருவர் இந்த வீட்டை வாடகைக்கு எடுக்க ஆயத்தமாம். தளபாடங்களை என்ன செய்வது என்று மட்டும்தான் தீர்மானிக்க வேண்டுமாம்.

"அத்தான் இனிக் கோட்டிலை நிண்டு கதைக்கிறது நடக்கிற காரியமே, அக்கா? பென்சனுக்கு எழுதிப் போடுவம். ஊரிலை ஆறுதலாய் இருப்பார். நாலு பேர் வந்து பாப்பினம்."

கட்டில், அலுமாரி, தையல் மெசின், அத்தான் — எல்லாம் ஒரே பட்டியலில் இருந்தன. நான் பேச எழும்பினேன். வந்தது, "கோடு... கோடு..." மட்டும்தான். அவன் என் முதுகைத் தடவி, "ஓம் ஓம் அத்தான், கோட்டுக்கும் அறிவிக்கலாம்" என்றான்.

பத்மாவைப் பார்த்தேன். எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை. ஊரில் அவளுக்குச் சகோதரங்கள், சொந்த வளவு. இங்கே இருப்பது வாடகை வீடும் பாதி வாயும். அவள் தலையாட்டுவாள் என்றுதான் நினைத்தேன்.

"நான் வரேல்லை" என்றாள்.

"அக்கா?"

"நான் வரேல்லை எண்டனான். அவரும் வரேல்லை. வெள்ளிக்கிழமை எனக்கும் ஹமீமாவுக்கும் புறக்கோட்டையிலை வேலை இருக்கு."

"என்ன அக்கா விளையாடுறியள்? புறக்கோட்டையிலை உங்களுக்கு என்ன வேலை?"

"சீத்தைத் துணி எடுக்கவேணும். பாமன்கடைப் பக்கம் ரெண்டு வீட்டிலை பிள்ளைகளுக்குச் சட்டை தைச்சுத் தாறன் எண்டு சொன்னனான்." எனக்கே தெரியாது இது! பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கினாள். "தம்பி, நீ நல்லதுக்குத்தான் சொல்லுறாய். ஆனால் அங்கை போனால் என்னை ஆர் தனியச் சந்தைக்கு விடுவினம்?"

அவன் தொப்பியைக் கையில் எடுத்துச் சுழற்றினான்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்கள் என்ன சொல்லுறியள்?"

அந்த அறையில் அன்றைக்கு ஒருவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. அவசரப்படாமல் நின்றேன். சொல் எங்கோ தூரத்தில் இருந்தது. வரட்டும் என்று காத்திருந்தேன். அவளும் காத்திருந்தாள்.

"இருப்பம்" என்றேன்.

சரியாக வந்தது. தமிழிலேயே வந்தது.

2 மே

ஸ்ரீஸ்கந்தராசா பாவம். நேற்று சாப்பிடாமல் போய்விட்டான். அடுத்த முறை என் புட்டுக் கொடுக்கவேண்டும். பழிவாங்க அல்ல, உண்மையாகவே நன்றாக இருக்கிறது.

16 மே, திங்கள்

கை தேறி வருகிறது. இன்றைக்கு நானே சந்தைக்குப் போகலாம் என்று பையைத் தேடினேன். ஆணியில் இல்லை. பத்மாவின் தோளில் இருந்தது.

"இஞ்சை தாரும். நான் போறன்."

"உங்களுக்கு வெய்யில் கூடாது."

"டொக்டர் நடக்கச் சொன்னவர்."

"கடற்கரைப் பக்கம் நடவுங்கோ. சந்தையிலை உங்களை ஏமாத்திப் போடுவாங்கள்."

என்னை! ஏமாற்றுவார்களாம்! கொஞ்ச நேரம் பையின் ஒரு காது என் கையில், மற்றக் காது அவள் கையில். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து போனோம். அவள் பேசினாள், நான் பை பிடித்தேன். வெண்டிக்காய்க்காரன் சொன்ன விலை நியாயம் என்று எனக்குப் பட்டது. அவள் "எபா" — வேண்டாம் — என்று ஒரே சொல்லோடு நடந்துவிட்டாள். அவன் பின்னால் ஓடிவந்தான்.

வருத்தக்காரனாய் வீட்டில் படுத்தபோது என்னிடமிருந்து சந்தையை எடுத்தார்கள். சுகப்பட்ட பிறகு திருப்பித் தர மாட்டேன் என்கிறார்கள். இதற்கு எந்தக் கோட்டில் வழக்குப் போடுவது?

6 ஜூன், திங்கள்

வேலைக்குப் போனேன். கோட்டை ஸ்டேசன் வரை நிலாம் பக்கத்தில் இருந்து வந்தார்; தன் தோளில் சாயச் சொல்லவில்லை, சாயத் தோதாக நின்றார். கோட்டில் பெரிய கிளாக்கர் மேசையோடு இருக்கிற வேலை தந்தார்: பத்திரங்களை மொழிபெயர்ப்பது. நின்று பேசவேண்டியதில்லை. மெதுவாக எழுதலாம். நன்றிதான். ஆனாலும் விசாரணை மண்டபத்திலிருந்து என் இடத்தில் நிற்பவனுடைய குரல் வந்தபோது பேனாவை வைத்துவிட்டுக் கேட்டேன்.

23 ஜூன், வியாழன்

இன்றைக்கு என் இடத்தில் நிற்கிற மொழிபெயர்ப்பாளன் வரவில்லை. வேறு ஆளும் இல்லை. "ஏலுமோ, தில்லைநாதன்?" என்று கேட்டார் பெரிய கிளாக்கர். ஏலும் என்றேன்.

கொம்பனித்தெருவில் தண்ணீர்க் குழாயடிச் சண்டை. முறைப்பாட்டுக்காரி அங்கம்மா, இந்தியாவில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த பெண். வேகமாகப் பேசுகிறாள். "அவ என் முடியைப் புடிச்சா சாமி, பெறவு என் குடத்தை ஓங்கி ஒடைச்சா சாமி!"

முடி வந்தது. பிடித்தது வந்தது. குடம்? இங்கிலீசில் குடத்துக்கு என்ன? இவ்வளவு வருஷமும் எத்தனை குடம் உடைத்த வழக்கு! நீதவான் பேனாவைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்க்கிறார். புறக்கிறாசி வக்கீல்மார் திரும்பிப் பார்க்கிறார்கள்.

முன்பென்றால் செத்திருப்பேன். இன்றைக்கு என்ன வந்ததோ, இங்கிலீசில் சொன்னேன்: "ஐயா, மன்னிக்கவேண்டும். அந்தச் சொல் சற்று வெளியே போயிருக்கிறது. திரும்பி வந்துவிடும்."

சிரிப்பு. நீதவானும்தான். அங்கம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. சாட்சிக் கூட்டிலிருந்து எட்டி, மேசையில் தடயமாக வைத்திருந்த உடைந்த குடத்தைக் கழுத்தில் பிடித்துத் தூக்கினாள். "இதுதான் சாமி! இதைச் சொல்லுங்க!"

"கோட்டுக்கு விளங்கிவிட்டது. நீர் ஆறுதலாகச் செய்யும்" என்றார் நீதவான்.

ஆறுதலாகச் செய்தேன். மத்தியானம் வரை நின்றேன். பல சொற்கள் பிந்தி வந்தன. பிழையாக ஒன்றும் வரவில்லை. வெளியே விட முன்னம் ஒவ்வொன்றையும் உள்ளே நிறுத்தி முகத்தைப் பார்த்தேன். முந்தி இப்படிப் பார்த்ததே இல்லை.

றெயினில் வரும்போது பம்பலப்பிட்டியில் அந்தச் சொல் வந்து ஏறியது. கூட இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னேன்.

24 ஜூன்

பத்மாவுக்குக் குடத்துக் கதையைச் சொன்னேன். முழுக்க, நடித்து. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது, தண்ணீர் நிற்கவில்லை. "அண்டைக்கு நீங்கள் குடை, குடை எண்டு சொல்லேக்கை நான் எவ்வளவு பயந்தனான் தெரியுமோ" என்றாள். இவ்வளவு நாளும் அதைச் சொல்லவில்லை.

அவளுடைய கையைப் பிடித்தேன். வலக்கையால். "நோகுது, விடுங்கோ" என்றாள். அவ்வளவு பலம் வந்திருக்கிறது.

9 ஜூலை, சனி

கோடு இல்லை. பத்மாவும் ஹமீமாவும் சீத்தை வாங்கப் புறக்கோட்டைக்குப் போய்விட்டார்கள். நான் வீட்டில்.

கேற்றடியில் மீன்காரன் சத்தம். காவுத்தடியின் இரண்டு பக்கமும் கூடை, அறுக்குளாவும் பாரையும். வெளியே போனேன்.

"நோனா நெத்த?" என்றான். அம்மா இல்லையோ என்று.

இல்லை என்று சிங்களத்தில் சொன்னேன். நான் இருக்கிறேன், விலையைச் சொல்லு என்றும் சொன்னேன். தடுமாறாமல், நல்ல சிங்களத்தில்.

அவன் என்னை மேலிருந்து கீழே பார்த்தான். பிறகு தலையைச் சொறிந்தான். "அனே மாத்தயா, நோனா ஆவாம தெனவா."

அம்மா வந்த பிறகு தருகிறானாம். எத்தனை வருஷத்து மொழிபெயர்ப்பாளன் நான்! இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு கணமும் செல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். நோனாவோடு பேரம் பேசாவிட்டால் தனக்கு மீன் விற்றது போலவே இராது என்றான். என்னிடம் விற்றுவிட்டுப் போனால் அடுத்த முறை தன்னை உரித்துவிடுவாள் என்றும் சொன்னான்.

காவுத்தடியை இறக்கி, மதிலோரம் நிழல் பார்த்துக் குந்திக்கொண்டான். நான் உள்ளே போய் இரண்டு கோப்பை தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தேன். ஒரு கையில் ஒன்று, மற்றக் கையில் ஒன்று. ஒரு துளியும் சிந்தவில்லை. அவனுக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் படியில் இருந்தேன்.

இரண்டு பேரும் தெருவைப் பார்த்துக்கொண்டு, பத்மா வரும் வரைக்கும் இருந்தோம்.